நின்றுபோன உழுபொறி

காவிரி பாயும் தஞ்சை நாட்டிலே உழவர் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்து நாள் குறிப்பதில்லை; மேட்டூர் அணையின் மதகையும் பார்த்தே குறிப்பர். 1934-ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையிலிருந்து சூன் திங்கள் 12-ஆம் நாள் பாசனத்திற்கு நீர் திறப்பது வழக்கம். நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. 2022-ஆம் ஆண்டிலோ, வழக்கத்திற்கு மாறாக, மே மாதம் 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. செய்தி கேட்டு ஊரார் மகிழ்ந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சியோடு ஒரு பரபரப்பும் உடன் வந்தது. வாய்க்கால் தூர்த்தல் நீக்குதல், வரப்பு வெட்டுதல், நாற்று விடுதல், சேற்றுழவு செய்தல் என ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டிய பணிகள் யாவும் ஒரே நாளில் வந்து வாயிலில் நின்றன.

எங்கள் குடும்பத்திற்கு ஓர் உழுபொறி உண்டு. டிராக்டர் என்று சொன்னால்தான் எங்கள் ஊரில் எவர்க்கும் விளங்கும். என் தமையனாரும் நானும் கூட்டாக வாங்கியது அது. எங்களுக்குச் சொந்த நிலம் சிறிதே ஆதலின், ஊரார் நிலங்களையும் கூலிக்கு உழுது கொடுத்து வந்தோம். அதனை ஓட்டியவன் தெற்குத் தெரு இளைஞன் ஒருவன். தந்தையை இழந்தவன், தாயையும் தங்கையையும் தன் உழைப்பால் காத்து வந்தவன். அதிர்ந்து பேசமாட்டான். பொறியைக் குளிப்பாட்டுவதிலும் துடைப்பதிலும் அவனுக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டு, "கன்றுக்குட்டி வளர்க்கிறாயா?" என்று நாங்கள் நகையாடுவதுண்டு.

அவ்வாண்டு வைகாசிக் கடைசியில் ஐந்து வீட்டார்க்குச் சேற்றுழவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அவர்களுள் முதல்வர் எங்கள் தெருக்கோடியில் தனியே வாழும் அத்தை. மூன்று மா நிலமே அவர்களுக்கு உடைமை. அண்டை வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரை வாங்கி முன்னரே நாற்று விட்டிருந்தார்கள். குறுவை நாற்று 25 நாளுக்குள் நடப்பட வேண்டும். அதற்கு மேல் நாற்றங்காலில் நின்று முற்றிவிட்டால், நட்ட பின் நன்றாகத் தூர் கட்டாது; விளைச்சல் குன்றும். அத்தையின் நாற்றுக்கு அப்பொழுது வயது 22 நாள்.

மறுநாள் விடியற்காலையில் ஓட்டுநர் தம்பி சாவியைத் திருகினான். "டக்" என்று ஓர் ஒலி கேட்டது. அவ்வளவுதான். மீண்டும் திருகினான், மீண்டும் அதே ஒலி. எரிந்துகொண்டிருந்த முன்விளக்கு, சாவியைத் திருகும்போதெல்லாம் அவிந்தது, விட்டவுடன் எரிந்தது. என் தமையனார் அதைக் கண்டதும், "பேட்டரி வற்றிவிட்டது" என்றார். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. தோன்றியதோடு நில்லாமல் நான் மேலும் ஒருபடி சென்றேன். "நேற்றிரவு விளக்கை எரியவிட்டுப் போய்விட்டாய், அல்லவா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"இல்லை அண்ணே. அணைத்துவிட்டுத்தான் போனேன். சாவியை அண்ணியிடம் கொடுத்தேன்" என்றான் அவன்.

"விளக்கு தானாகவா பேட்டரியைக் குடித்தது? புதியது வாங்கினால் விலை உன் கூலியில்தான் கழியும்" என்றேன் நான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்க நிற்கவில்லை. சிறிது நேரம் பொறியின் அருகே நின்றான். பிறகு துடைக்கும் துணியை மடித்து இருக்கையின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். கணக்குப் புத்தகத்தை எடுத்து, அவன் பெயருக்கு நேரே ஒரு பற்று எழுத இடம் விட்டு வைத்தேன். இன்று நினைத்தாலும் அந்த வெற்றிடம் என் கண்முன் நிற்கிறது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சொல்ல நாணமாக இருக்கிறது. அண்டை வீட்டு டிராக்டரின் மின்கலத்தைத் தடித்த கம்பிகளால் எங்கள் மின்கலத்தோடு இணைத்துப் பார்த்தோம். அதே "டக்". மின்கலம் வற்றியதுதான் குற்றம் என்றால், நல்ல மின்கலம் துணைக்கு வந்ததும் பொறி சுழன்றிருக்க வேண்டும் அன்றோ? அவ்வொன்றை நின்று எண்ணியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும். நாங்களோ, "அதுவும் பழைய பேட்டரிதானே" என்று சொல்லிக்கொண்டு நகரத்திற்குச் சென்று புதியது ஒன்றை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி வந்தோம். புதியதைப் பொருத்தினோம். சாவியைத் திருகினோம். அதே "டக்".

அதற்குள் செய்தி பரவி, ஊரார் கூடிவிட்டனர். பொறி நின்றுவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஒருவர், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். உடனே என் தமையனார் டீசல் வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றி, இருந்த டீசலைக் கொட்டிக் கழுவி மாட்டினார். மற்றொருவர் நீண்ட திருப்புளி ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரு முனைகளையும் அதனால் தொட்டால் பொறி உடனே கிளம்பும் என்று கீழே குனிந்தார். நல்வினைப் பயனாக அவர் மனைவியார் அந்நேரம் கூப்பிட, அவர் எழுந்து போனார். அது எத்துணைப் பெரிய ஆபத்து என்பதைப் பின்னரே அறிந்தோம். இறுதியில் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதனைக் கழற்றிக்கொண்டு மறுநாள் மீண்டும் நகரத்திற்குப் போனோம். அங்கே பட்டறையில் மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். மோட்டார் பம்பரம்போல் சுழன்றது. குற்றம் ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார்கள்.

பொறியைக் கிளப்புதல் என்பது சாவியைத் திருகும் சிறுசெயல் என்றே நாம் எண்ணுகிறோம். அது அவ்வளவு எளிதாக வந்ததன்று. முற்காலத்து டிராக்டர்களின் முகப்பில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி ஆள் பலங்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். பொறி சில வேளை எதிர்த்து உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். ஆதலால் கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே மடித்துப் பிடிக்க வேண்டும் என்பது அக்காலத்து முதற்பாடம். செருமனி நாட்டில் 1921-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லான்ஸ் புல்டாக்' என்னும் டிராக்டரின் கதை இன்னும் விந்தையானது. முதலில் அதன் தலைப்பகுதியை ஊது விளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். பின்வந்த வகைகளில் திருப்புச் சக்கரத்தையே தண்டோடு கழற்றிப் பக்கத்திலுள்ள பெருஞ்சக்கரத்தில் செருகிச் சுழற்றுவர். அமெரிக்க நாட்டுச் சார்லசு கெட்டரிங் அமைத்த மின் தொடக்கி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் மோட்டார் வண்டியில் இடம்பெற்றது. அதன் வழித்தோன்றலே நம் சாவிக்குப் பணிந்து வேலை செய்யும் ஸ்டார்ட்டர் மோட்டார்.

மூன்றாம் நாள் நண்பகலில், பக்கத்து ஊரிலுள்ள முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். டிராக்டர் பட்டறைகளில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். கையில் ஒரு சிறு பையும், மின்னழுத்தம் அளக்கும் மீட்டர் ஒன்றும் மட்டுமே கொண்டு வந்தார். பொறியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திருப்புளியை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவர், "ஓட்டுகிற பிள்ளை எங்கே?" என்று கேட்டார்.

"அவன் எதற்கு ஐயா? வீட்டில் இருப்பான்" என்றேன்.

"நோயாளியின் பக்கத்தில் இருந்தவனைக் கேட்காமல் வைத்தியம் எப்படி, தம்பி? கூப்பிடுங்கள்" என்றார்.

ஆள் போயிற்று. தம்பி வந்து சற்றுத் தொலைவிலே நின்றான். மேஸ்திரி அவனை அருகில் அழைத்து, நின்றுபோவதற்கு முன் ஏதேனும் வேறுபாடு கண்டாயா என்று வினவினார். அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையை நோக்கிச் சொன்னான்: "பத்து நாளாகவே காலையில் இரண்டு மூன்று முறை திருகினால்தான் சுற்றும், ஐயா. வரப்பேறி இறங்கும்போது விளக்கு மினுக்கும். அண்ணனிடம் சொன்னேன்."

அவன் சொன்னது உண்மை. உழவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் வந்து சொன்னான். "நடவு முடியட்டும், பார்ப்போம்" என்று தலை நிமிராமலே விடை கூறினேன். அதனை அன்றே மறந்தும் போனேன்.

மேஸ்திரி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். கியர் எதிலும் பொருந்தாமல் நடுநிலையில் நிற்கிறதா என்று தாமே அசைத்துப் பார்த்தார். திருப்புளி கொண்டு வந்தவரின் யோசனையைச் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. "கிளட்சை மிதித்தாலன்றிக் கிளம்பாதபடி டிராக்டரில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். கீழே நின்று திருப்புளியால் தொடுகிறவன் அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறான். கியர் விழுந்திருந்தால் பொறி கிளம்பிய நொடியே பெரிய சக்கரம் அவன்மேல் ஏறும். விலகுவதற்கு நேரம் இராது. அப்படிச் செத்தவர்கள் உண்டு" என்றார். கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

பிறகு மீட்டரின் இரு முனைகளையும் புதிய மின்கலத்தின் இரு முனைகளில் வைத்தார். 12.6 வோல்ட் காட்டிற்று. நிறைந்த மின்கலத்திற்கு அதுவே அளவு. முனைகளை எடுக்காமல், தம்பியைச் சாவி திருகச் சொன்னார். "டக்" என்றது. மீட்டர் 12.5 என்று காட்டிற்று. அவர் மெல்லச் சிரித்தார்.

"ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல 200, 300 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய சுமையை இழுத்தால் நல்ல பேட்டரியும் 10, 11 வோல்ட்டுக்கு இறங்கும். இது இறங்கவே இல்லை. அதாவது, பேட்டரி வேலையே செய்யவில்லை. செய்ய வழியில்லை. வழி எங்கே அடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்" என்றார்.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. "அப்படியானால் விளக்கு ஏன் அவிகிறது, ஐயா? பேட்டரி வற்றியதால் அல்லவா?" என்று கேட்டேன்.

அவர் வாய்க்காலைக் காட்டினார். "தூர்ந்த வாய்க்காலில் ஒரு குடம் மொள்ளலாம், வயலுக்குப் பாய்ச்ச முடியாது. விளக்குக்கு வேண்டியது 5 ஆம்பியர். குறுகிய வழியிலும் அது போய்விடும்; விளக்கு நன்றாக எரியும். மோட்டார் 200 ஆம்பியர் கேட்டவுடன், இருக்கிற வழியெல்லாம் அதற்கே போதவில்லை. விளக்கும் அதே வழியை நம்பி இருக்கிறது, அதனால் அவிகிறது" என்றார்.

மின்சாரம் மின்கலத்தின் நேர் முனையிலிருந்து தடித்த கம்பி வழியே மோட்டாருக்குச் செல்கிறது. சென்றால் மட்டும் போதாது. அது திரும்பி எதிர் முனைக்கு வந்து சேரவேண்டும். டிராக்டரில் திரும்பும் வழிக்கு அதன் இரும்பு உடலே துணை செய்கிறது. உடலையும் மின்கலத்தின் எதிர் முனையையும் இணைப்பது செம்புக் கம்பிகளால் பின்னிய ஒரு பட்டை. மேஸ்திரிமார் அதனை 'எர்த்' என்பர். மூன்று நாளாக நாங்கள் போகும் வழியையே ஆராய்ந்தோம். திரும்பும் வழியை ஒருவரும் பார்க்கவில்லை. நகரத்துப் பட்டறையில் மோட்டார் சுழன்றதும் அதனாலேயே. அங்கே அதற்கு வேறு பட்டையால் திரும்பும் வழி கிடைத்தது.

மேஸ்திரி மீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர் முனையிலும், மற்றதைப் பொறியின் வெற்று இரும்பிலும் வைத்துச் சாவி திருகச் சொன்னார். திரும்பும் வழி செவ்வையாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அது 9-ஐத் தாண்டிற்று. "அகப்பட்டது" என்று சொல்லிப் பொறியின் அடியில் கையை விட்டார். எர்த் பட்டையைப் பிணைக்கும் மறையாணி அவர் விரலோடு ஆடிற்று.

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு டிராக்டருக்குப் புதுவண்ணம் பூசினோம். பூசியவர் பட்டையைக் கழற்றி, அது பொருந்தும் இடத்திலும் வண்ணம் தீட்டி, ஆணியை அரைகுறையாக முடுக்கிவிட்டார் போலும். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆணியின் மரை மட்டுமே தொடர்பாக இருந்தது. அவ்வாண்டுச் சேற்றுழவில், கேஜ்வீல் எனப்படும் இரும்புக் கூட்டுச் சக்கரம் வாரியிறைத்த சேறும் நீரும் அங்கே புகுந்து துருவை வளர்த்துவிட்டன. பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, எல்லாரும் போற்றிய அப்பளபளப்புக்குக் கீழேதான் நோய் இருந்தது.

மேஸ்திரி முதலில் மின்கலத்தின் எதிர் முனையைக் கழற்றி வைத்தார். கையிலுள்ள இரும்புக் கருவி எதன்மேலேனும் பட்டுப் பொறி பறவாமல் இருத்தற்கு அதுவே முறை. பட்டையைக் கழற்றி, அதனையும் அது பொருந்தும் இடத்தையும் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியுமளவும் தேய்த்தார். இறுக முடுக்கி, ஈரம் புகாமல் வாசலின் தடவினார். இதற்குக் கால்மணி நேரமே ஆயிற்று. தம்பி சாவியைத் திருகினான். பொறி "கடகட"வென்று சுழன்றது. கூட்டம் ஆரவாரித்தது.

ஆனால், சுழன்றதேயன்றி உயிர்பெறவில்லை!

மேஸ்திரி கையமர்த்தினார். "சுழலாமை ஒரு நோய், சுழன்றும் கிளம்பாமை வேறு நோய். முன்னதற்கு மின்சாரத்தைப் பார்க்க வேண்டும், பின்னதற்கு டீசலையும் காற்றையும் பார்க்க வேண்டும்" என்று கூறிப் புகைக்குழாயை நோக்கினார். சிறிதும் புகை இல்லை. "டீசல் உள்ளே போகவில்லை. வழியை யாராவது திறந்தீர்களா?"

என் தமையனார் வேறு பக்கம் பார்த்தார். வடிகட்டியைக் கழுவிய செய்தியை நான்தான் சொன்னேன்.

டீசல் பொறியில் தீப்பொறி தரும் அமைப்பு ஏதும் இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றை, அது இருந்த இடத்தில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலே நெருக்குகிறார்கள். நெருக்குண்ட காற்று 500 பாகைக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் பெரும் அழுத்தத்தோடு பூந்துளியாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். செருமானியராகிய ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஔக்சுபர்க்கு நகரிலே இயக்கிக் காட்டிய பொறியின் நுட்பம் இதுவே. எண்ணெய் அழுத்தினால் சுருங்காது. ஆதலால் பம்பு தரும் அழுத்தம் முழுவதும் பீய்ச்சும் முனையைச் சென்று சேரும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டாலோ, அழுத்தம் அதனைச் சுருக்குவதிலேயே வீணாகும், டீசல் பீய்ச்சப்படாது. இதனையே 'ஏர் பிடித்துவிட்டது' என்பர். கிண்ணத்தைக் கொட்டிக் கழுவியபோது நாங்கள் அக்காற்றை உள்ளே வரவேற்றிருக்கிறோம். பொறிக்கு இயல்பாக வந்த நோய் ஒன்று. நாங்கள் கொடுத்த நோய் மற்றொன்று!

வடிகட்டியின் தலையிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தித் தம்பியைக் கைப்பம்பு அடிக்கச் சொன்னார் மேஸ்திரி. முதலில் நுரை வந்தது. பிறகு குமிழி குறைந்தது. பின் தெளிந்த டீசல் ஒழுகிற்று. அதை முடுக்கிவிட்டு, பீய்ச்சும் பம்பின் திருகாணியிலும் அவ்வாறே செய்தார். இறுதியில் சாவியைத் திருகியபோது வெண்புகை கக்கி, இரண்டு முறை இருமி, பொறி உறுமி எழுந்தது. அப்பொழுது மணி ஐந்து.

மேஸ்திரி தம் உழைப்புக்குக் கேட்ட கூலி எங்களை வியப்பில் ஆழ்த்தியது, அவ்வளவு குறைவு. பழைய மின்கலத்தையும் அளந்து பார்த்து, "இதற்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையில், அது அதற்குப் பின்னும் ஈராண்டு உழைத்தது.

நான் வீட்டினுள் சென்று கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்தேன். விட்டு வைத்திருந்த இடத்தில் குறுக்குக் கோடு இழுத்து, அவன் வராத மூன்று நாளுக்கும் கூலியை எழுதி, அதனைத் தம்பியிடம் காட்டினேன். "நீ சொன்னதைக் கேட்காதது என் பிழை. செய்யாத குற்றத்தை உன்மேல் சுமத்தியதும் என் பிழை. பொறுத்துக்கொள்" என்றேன். ஊரார் நடுவில் குற்றம் சாட்டினேன் ஆதலின் ஊரார் நடுவிலேயே இதையும் சொன்னேன். சொல்லும்போது நாக்குத் தடுமாறியது.

அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாளாக இருக்கையின்மேல் மடிந்து கிடந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "அத்தையின் நாற்றுக்கு இன்றோடு 25 நாள், அண்ணே. இப்போது இறங்கினால் காலையில் நட்டுவிடலாம்" என்று சொல்லிப் பொறியின்மேல் ஏறினான்.

அத்தை வரப்பின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்கள் அருகில் போய் அமர்ந்தேன். இருட்டியபின் அவன் முன்விளக்கை ஏற்றினான். மூன்று மாவும் சேறாகும்வரை அவ்வொளி நீரில் பட்டுப் போவதும் வருவதுமாக இருந்தது. சேறு வாரி இறைந்தது. பொறி வரப்போரம் குலுங்கித் திரும்பிற்று. நான் விளக்கையே நோக்கியிருந்தேன். அது ஒருமுறையும் மினுக்கவில்லை.